மெல்ல ஓடட்டும் மோட்டார்

பண்பொழியிலிருந்து மேக்கரை போகும் வழியில், தென்னந்தோப்புகளுக்குள் பண்ணை வீடுகள் பெருகிவிட்டன. சில வீடுகளில் நீச்சல் குளமும் உண்டு. இந்த வட்டாரத்தில் ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி கொட்டவைத்த தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சரியான உத்தரவு. மலைத்தண்ணீர் அடவிநயினார் அணைக்கும் அதை நம்பிய வயல்களுக்கும் உரியது. அதனால் நீச்சல் குளம் வைத்திருப்பவர் ஒருமுறை நிரப்பிய தண்ணீரையே சுற்றவிட்டு, வடிகட்டி, மாதக்கணக்கில் காப்பாற்ற வேண்டும். அந்த வேலை பம்பினுடையது.

கிணற்று மோட்டார் வாங்கிப் பழகியவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை ஹெச்.பி.?" கிணற்றுத் தண்ணீரை ஆழத்திலிருந்து தூக்க வேண்டும், அதற்குப் பலம் தேவை. குளத்துத் தண்ணீரோ கிளம்பிய மட்டத்துக்கே திரும்பி வருகிறது. பைப்பும் எல்போவும் மணல் ஃபில்டரும் தரும் தடையைத் தாண்டினால் போதும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழமுள்ள குளம் 40,000 லிட்டர் பிடிக்கும். மணிக்கு 5,000 லிட்டர் ஓடினாலே 8 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

1 ஹெச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 1 யூனிட் இழுக்கும். தினம் 8 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். ஃப்ரிட்ஜும் விளக்கும் சேர்ந்தால் 500ஐத் தாண்டும். தாண்டினால் மின்கட்டணத்தில் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். அதே மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் பாதியாகும், மின்சாரமோ எட்டில் ஒரு பங்காகும். 16 மணி நேரம் ஓட்டி அதே அளவு தண்ணீரைச் சுற்றவிட்டாலும் ஏட்டுக் கணக்கில் நாளுக்கு 2 யூனிட்தான். மோட்டாரின் சொந்த இழப்பால் சற்றுக் கூடும். அப்போதும் பாதிக்கு மேல் மிச்சம். அமெரிக்காவில் நீச்சல் குள பம்புகளுக்கு 2021 ஜூலை முதல் மின்சிக்கன அளவுகோல் கட்டாயம்.

ஆகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்பையே கேட்டு வாங்குங்கள். விலை அதிகம்தான், தினமும் ஓடும் குளத்துக்கு அது தகும். எப்போதும் மெதுவாக ஓடும் சின்ன மோட்டார் உதவாது. ஆடிச் சாரலில் காற்றடித்தால் தென்னம்பூவும் சருகும் குளத்தில் கொட்டும். பம்பின் முகப்புக் கூடையைத் திறந்தால் பழுப்பாக அடைந்து கிடக்கும். ஃபில்டர் மேலுள்ள பிரஷர் முள் ஏறி நின்றால் மணலைத் திருப்பிக் கழுவ வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்கு முழு வேகம் வேண்டும்.

புதிதாகக் குளம் கட்டுபவர்கள் ஒன்றரை அங்குலப் பைப்புக்குப் பதில் இரண்டு அங்குலம் பதியுங்கள். அதே ஓட்டத்துக்கு உரசல் தடை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். பம்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், கான்கிரீட்டுக்குள் போன பைப்பை மாற்றுவது பெரும்பாடு.