இளம் தொழிலாளியின் மூச்சுக்கு எந்த அளவுகோல்?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் சிப்காட் வளாகங்களில் காரும் கண்ணாடியும் கைபேசியும் செய்யும் தொழிலாளர்களில் இளைஞர்களே மிகுதி என்பதால், முதுமையின் நோயாகக் கருதப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்று தோன்றக்கூடும். ஆனால் மூச்சுக்குழல்கள் மெல்லச் சுருங்கி, பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாமற்போகும் இந்நோய், வெல்டிங் புகையையும் கல் தூசியையும் பல ஆண்டுகள் சுவாசிப்போருக்குப் புகைப்பழக்கம் இல்லாதபோதும் வரலாம். மூச்சுத்திணறல் தெரியவருமுன்பே நுரையீரலின் திறன் பெருமளவு குறைந்துவிடுவதும் உண்டு. விறகடுப்புப் புகையும் ஒரு காரணமே. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2007-இல் அண்டை மாவட்டமான திருவள்ளூரின் 45 சிற்றூர்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்தபோது, அவர்களில் 2.44 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது.

நோயை உறுதிசெய்யும் பரிசோதனை ஸ்பைரோமெட்ரி. மூச்சை நிறைய இழுத்து, இயன்ற வேகத்தில் கடைசிவரை ஊதும்போது வெளிவரும் மொத்தக் காற்றில் முதல் நொடிக்குள் வெளிவருவது எத்தனை பங்கு என்பதே இதில் முதன்மையான கணக்கு. மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை உறிஞ்சச் செய்து, கால்மணி நேரம் கழித்து எடுக்கும் அளவில் அந்தப் பங்கு 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு என்பது, 2001-இல் தன் முதல் அறிக்கையை வெளியிட்ட ‘கோல்டு’ என்னும் பன்னாட்டு அமைப்பின் விதி. அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்களோ, ஒரே வயதும் பாலினமும் உயரமும் கொண்ட நலமானவர்களில் மிகக் குறைந்த 5 சதவீதத்தினரைப் பிரிக்கும் ‘இயல்பின் கீழெல்லை’யையே பரிந்துரைக்கின்றன.

இரண்டும் பிரிவது வயதில்தான். முதல் நொடியின் பங்கு வயது ஏற ஏற இயல்பாகவே குறைவதால், 25 வயதுப் பெண்ணுக்குக் கீழெல்லை ஏறத்தாழ 0.76 ஆகவும், 70 வயது ஆணுக்கு ஏறத்தாழ 0.64 ஆகவும் அமைகிறது. ஆகவே 0.73 என்று அளவு வந்த இளம்பெண்ணை நிலையான விதி நலமானவர் என்று அனுப்பிவிட, 0.67 என்று வந்த முதியவரை அதே விதி நோயாளி ஆக்கிவிடுகிறது. எந்த மருத்துவரும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய எளிமை 0.70-க்கு உண்டு; மருத்துவமனைச் சேர்க்கையையும் இறப்பையும் முன்னறிவதில் அது மற்ற எல்லைகளுக்குக் குறைந்ததன்று என்று, அமெரிக்காவில் 24,000-க்கும் மேற்பட்டோரின் தரவைக் கொண்டு 2019-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆயினும் அவர்களின் சராசரி வயது அறுபதைக் கடந்தது என்பதால், அம்முடிவை ஒரகடத்தின் இருபது வயதினர்மீது ஏற்றுவது பொருந்தாது.

‘இயல்பு’ என்பது யாருடைய இயல்பு என்ற கேள்வியும் எழுகிறது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் நலமான 15 முதல் 40 வயதினரை அளந்து 1990-இல் உள்ளூர் அளவுகளை வெளியிட்டனர். 2012-இல் வந்த உலகளாவிய சமன்பாடுகளிலோ இந்தியர்களுக்கெனத் தனிப்பிரிவு இல்லை. இந்தியர்களின் நுரையீரல் கொள்ளளவு ஐரோப்பியர்களைவிடச் சராசரியில் குறைவு என்றாலும், முதல் நொடிக் காற்றும் மொத்தக் காற்றும் சேர்ந்தே குறைவதால் விகிதம் அதிகம் மாறுவதில்லை. ஆனால் நோயின் கடுமையை எதிர்பார்க்கப்படும் முதல் நொடிக் காற்றில் 80, 50, 30 சதவீதம் என்று பிரிக்கும்போது, தவறான ஒப்பீட்டு அட்டவணை ஒருவரை ஒரு படி மேலோ கீழோ தள்ளிவிடும். இயந்திரத்தில் எந்த அட்டவணை இருக்கிறது என்று சோதிக்காமல் அச்சாகும் அறிக்கையை நம்புவது ஆபத்தானது.

இளம் தொழிலாளிக்கு மிகப் பொருத்தமான ஒப்பீடு, பணியில் சேர்ந்த நாளில் அவரே ஊதிய அளவுதான். நலமானவர் முதல் நொடிக் காற்றில் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் இழப்பது இயல்பு. இந்த இழப்பையும் கணக்கிட்ட பிறகு முதல் நொடிக் காற்று 15 சதவீதம் குறைந்திருந்தால், விகிதம் எந்த எல்லைக்கு மேலிருந்தாலும் காரணம் தேட வேண்டும். 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், ஆபத்தான செயல்முறைகளில் உள்ளோருக்குப் பணிக்கு முன்பும் பின்னர் 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனையை விதித்து, அவர்களின் உடல்நலப் பதிவேட்டை அவர்களே பார்க்கும் உரிமையையும் தந்தது. ஒப்பந்த அடிப்படையில் ஆலை மாறிக்கொண்டேயிருப்பவருக்கு முதல் அளவின் நகல் கையில் இல்லையென்றால், ஒவ்வொரு ஆலையிலும் அவர் புதியவராகவே அளக்கப்படுவார்; அதற்குள் இழந்த மூச்சு எந்தக் கணக்கிலும் வராது.