சலூன் கதையும் புனேக் கணக்கும்

"நேர்ஸ் அண்ணை, முஸ்லிம் ஆக்கள் மாதிரி வெட்டிவிட்டால் எயிட்ஸ் வராதாமே, உண்மையோ?"

ஏ-9 வீதியோரச் சலூனில் முகம் நிறையச் சவர்க்கார நுரையோடு இருந்த பெடியன் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துக் கேட்டான். கட்டாருக்குப் போக மெடிக்கல் முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கிறவன். போனில் யாரோ ஒரு டொக்டர் 60 வீதம் பாதுகாப்பு என்று சொன்னாராம். கத்தி பிடித்த சலூன்காரரும் கையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். வாங்கில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் பேப்பரைப் பதித்தார்கள். ஓமந்தையில் இப்படியான கேள்வியை டொக்டரிடம் கேட்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற ஆண் நேர்ஸ் என்றால் கேட்கலாம்.

ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் தள்ள முடியாது. அந்தப் பெடியனுக்குச் சலூனில் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை செய்த காலத்தில் பெரும்பகுதி சத்திரசிகிச்சை வார்ட்டிலும் தியேட்டரிலும் போனது. எங்கள் தமிழ்ச் சனத்துக்கு ஆண்குறியின் முன்தோலை வெட்டுவது வழக்கம் இல்லை என்றாலும், இந்த ஒப்பரேஷனுக்குத் தமிழர் வராமல் இல்லை. முன்தோல் இறுகிப் பின்னுக்கு இழுபடாமல் போவதுதான் காரணம். சின்னப் பிள்ளைகளுக்கு அது இயற்கை, வளர வளரத் தானாக விடுபடும், அவசரப்பட்டு இழுக்கவே கூடாது. வயது வந்தவர்களில், அதிலும் சலரோகத்தைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு, சிறுநீரில் போகும் சீனியால் அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தோல் வெடிக்கும், ஆறும், திரும்ப வெடிக்கும். கடைசியில் தழும்பாகி இறுகிவிடும்.

அடியைச் சுற்றி விறைப்பூசி போட்டு, மேல்பக்கத் தோலை நேராகக் கீறி, பிறகு வட்டமாக வெட்டி, இரத்தம் கசியும் இடங்களைக் கட்டி, தானாகக் கரைகிற நூலால் உள்தோலையும் வெளித்தோலையும் சேர்த்துத் தைப்பார்கள். அரை மணித்தியால வேலை. வஸ்லின் கோஸ் சுற்றிச் சாரத்தோடு வீட்டுக்கு அனுப்பலாம். ஆறு கிழமைக்கு மனைவியோடு சேரக் கூடாது என்று சொல்லி அனுப்புவோம். அறுபது தாண்டிய ஒரு ஐயா, ஒப்பரேஷனுக்குப் பயப்படவில்லை. "தம்பி, துண்டில என்ன வருத்தம் எண்டு எழுதப்போறியள்? வீட்டில வாசிச்சால் நான் மதம் மாறிட்டன் எண்டெல்லோ கதை வரும்" என்றுதான் பயந்தார். தோல் இறுக்கம் என்று எழுதியதும் நிம்மதியாகப் போனார்.

வவுனியாவில் பட்டாணிச்சூர், சாளம்பைக்குளம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் இது சுன்னத்து. முன்பு ஒஸ்தா வீட்டுக்கு வந்து செய்வார். இப்போது டொக்டரிடம் கொண்டுபோகிறார்கள். விருந்தும் புதுச் சாரமும் அப்படியேதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். சுன்னத்துக்கும் எச்.ஐ.வி.க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1986இலேயே ஆரோன் ஃபிங்க் என்ற அமெரிக்க வைத்தியர் ஒரு மருத்துவ சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். வெறும் ஊகம்தான். ஆனால் 1989இல் ஆபிரிக்க வரைபடத்தை விரித்துப் பார்த்தவர்கள், சுன்னத்து வழக்கம் இல்லாத பகுதிகளில் நோய் கூடுதலாகவும் வழக்கம் உள்ள பகுதிகளில் குறைவாகவும் இருப்பதைக் கண்டார்கள். உடனே எதிர்க்கேள்வி வந்தது. சுன்னத்துச் செய்கிறவர்களில் நிறையப் பேர் முஸ்லிம்கள். அவர்களில் பலர் குடிப்பதில்லை, கட்டுப்பாடு கூட, கழுவும் பழக்கமும் உண்டு. நோய் குறைந்தது தோல் இல்லாததாலா, வாழ்க்கை முறையாலா? வரைபடத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது.

இந்த முடிச்சைப் பாதி அவிழ்த்தது நமக்குப் பக்கத்து நாடு. மகாராஷ்டிரத்தின் புனே நகரில் தேசிய எயிட்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பாலியல் நோய் கிளினிக்குகளுக்கு வந்த 2298 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். தொடங்கும்போது யாருக்கும் எச்.ஐ.வி. இல்லை. சுன்னத்துச் செய்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு, பெரும்பாலும் முஸ்லிம்கள். 2004இல் லான்செட் சஞ்சிகையில் முடிவு வந்தது. சுன்னத்துச் செய்தவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து மற்றவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு.

இந்த எண்ணைவிட எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வரி. அதே ஆட்களிடம் சிபிலிஸ், கொனோரியா, பிறப்புறுப்பு ஹேர்பிஸ் ஆகியவற்றையும் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இதன் கருத்து என்ன? சுன்னத்துச் செய்தவர்கள் ஒழுக்கமாக இருந்ததால்தான் தப்பினார்கள் என்றால், கொனோரியாவும் அவர்களுக்குக் குறைந்திருக்க வேண்டும். அது குறையவில்லை. போன இடங்களுக்கு எல்லோரும் ஒரே மாதிரித்தான் போயிருக்கிறார்கள். எச்.ஐ.வி. மட்டும் குறைந்தது என்றால், காரணம் நடத்தை அல்ல, உடம்பில்தான் இருக்க வேண்டும். துப்பறியும் கதை வாசிக்கிற ஆட்களுக்கு இதைவிட நல்ல அத்தியாயம் கிடைக்காது.

உடம்பில் என்ன? முன்தோலின் உட்பக்கம் மென்மையானது, ஈரமானது, இலகுவில் கீறுபடக் கூடியது. உடம்பின் காவல்காரக் கலங்கள் அங்கே நிறைய உண்டு. எச்.ஐ.வி. தேடிப் பிடிப்பது அந்தக் கலங்களைத்தான். தோலுக்கு அடியில் காற்றுப் படாத இடத்தில் வளரும் பக்ரீரியாக்கள் அந்தக் கலங்களை இன்னும் கூடுதலாக வரவழைக்கும். கொனோரியா குடியிருப்பது சிறுநீர்க் குழாய்க்குள். வாசலில் தோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை.

ஆனாலும் புனேயில் சுன்னத்துச் செய்தவர்கள் தொகை சிறிது. அவர்கள் முன்கூட்டியே வெட்டியவர்கள், ஆராய்ச்சிக்காரர் பிரித்து விட்டவர்கள் அல்ல. சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டுமானால், விரும்பி வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இப்போதே, மறுபாதிக்குப் பிறகு என்று செய்ய வேண்டும். வளர்ந்த ஆண்கள் இதற்குச் சம்மதிப்பார்களா என்று எங்கள் வார்ட்டில் கேட்டிருந்தால் சிரித்திருப்போம். ஆபிரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேல் சம்மதித்தார்கள். தென்னாபிரிக்காவின் ஒரேஞ்ச் ஃபார்மில் 3274 பேர், கென்யாவின் கிசுமுவில் 2784 பேர், உகண்டாவின் ராக்காயில் 4996 பேர்.

ஒரேஞ்ச் ஃபார்ம் கணக்கைப் பார்ப்போம். வெட்டாத பாதியில் 49 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. வெட்டிய பாதியில் 20 பேருக்கு. பேர்ட்ரான் ஒவேர் என்ற பிரெஞ்சு வைத்தியரின் குழு 2005இல் வெளியிட்டது. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மறுபாதியைக் காக்கவைப்பது அநியாயம் என்று சோதனையை இடையில் நிறுத்தி அவர்களுக்கும் ஒப்பரேஷன் செய்ய முன்வந்தார்கள். மற்ற இரண்டு சோதனைகளும் அதே மாதிரி 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டன. அவற்றிலும் ஏறக்குறையப் பாதி குறைவு. 2007 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு கிழக்கு, தெற்கு ஆபிரிக்காவில் மூன்று கோடிக்கு மேற்பட்ட ஆண்கள் செய்திருக்கிறார்கள்.

போன் டொக்டர் சொன்ன 60 வீதம் இங்கிருந்து வந்ததுதான். பொய் இல்லை. அந்த 20 பேரை மட்டும் அவர் விட்டுவிட்டார். வெட்டியும் வந்தது அவர்களுக்கு.

இன்னும் விட்டது இருக்கிறது. இந்தச் சோதனைகள் பார்த்தது பெண்ணிடமிருந்து ஆணுக்கு வருவதை. ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு வெட்டினால் மனைவிமாருக்குப் பாதுகாப்பா என்று ராக்காயில் தனியாகப் பார்த்தார்கள். பயன் தெரியவில்லை, 2009இல் முடிவு வந்தது. காயம் ஆறுமுன் சேர்ந்த தம்பதிகளில் மனைவிக்குத் தொற்று கூடுதலாகவே தெரிந்தது. ஆறு கிழமை என்று நாங்கள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வது சும்மா இல்லை. ஆணும் ஆணும் சேரும் உறவுக்கு இந்த மூன்று சோதனைகளும் விடை சொல்லவில்லை. இலங்கையில் அண்மைக் காலத்தில் புதிதாகக் கண்டறியப்படும் ஆண்களில் பெரும் பங்கு அப்படித் தொற்றியவர்கள் என்பதை ஊரில் வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. நான் எழுதி வைக்கிறேன்.

மற்ற நோய்கள்? புனேயில் குறையாத ஹேர்பிஸ் உகண்டாச் சோதனையில் 28 வீதம் குறைந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. 35 வீதம் குறைந்தது. சிபிலிஸ் குறையவில்லை. எச்.பி.வி.க்கு எங்களிடம் இதைவிட நல்ல வழி இருக்கிறது. 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஊசி போடுகிறார்கள். கையெழுத்துக் கேட்டு வரும் துண்டை ஒளிக்காமல் பெற்றோர் கையெழுத்து வைத்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்தது எச்.ஐ.வி. ஊருக்குள் பரவிக் கிடந்த, சுன்னத்து வழக்கம் குறைந்த நாடுகளுக்கு. சுவாசிலாந்தில் அந்தக் காலத்தில் வயது வந்தோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. இலங்கையில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அங்கே சில பேருக்குச் செய்தாலே ஒரு தொற்றைத் தடுக்கலாம். இங்கே ஒரு தொற்றைத் தடுக்க எத்தனை ஆயிரம் பேரை மேசையில் படுக்க வைக்க வேண்டும்? இரத்தப்பெருக்கும் காயத்தில் சீழும் அதில் எத்தனை பேருக்கு? எங்கள் தியேட்டர்களில் குடலிறக்கமும் சலரோகக் காலும் வரிசையில் நிற்கின்றன.

சலூன் கதையால் வரும் இன்னொரு சேதத்தைப் பட்டாணிச்சூரில் என் பழைய கூட்டாளி ஒருவர் சொன்னார். அவருடைய மருமகன் சவூதியில் லொறி ஓடுகிறவன். "எங்களுக்குத்தான் சின்னனிலயே காப்பு இருக்கே மாமா" என்கிறானாம். வெட்டாதவன் வெட்டினால் சரி என்று நினைக்கிறான், வெட்டியவன் ஏற்கெனவே சரி என்று நினைக்கிறான். இரண்டு பேரும் பாமஸியில் ஒரு பிரீத்தி ஆணுறை கேட்க வெட்கப்பட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

இங்கே வேலை செய்தது வேறு. கர்ப்பிணிப் பெண் பதிந்தவுடன் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போய்க் கூட்டிவந்து செய்கிற வேலை அது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் போவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. கியூபாவுக்கு முதன்முதலில் 2015இல் கிடைத்த அதே சான்றிதழ். கொழும்புப் பேப்பர்களில் அது ஒரு நாள் செய்தி. என்னைக் கேட்டால் கிரிக்கெட் கோப்பைக்கு மேல்.

ஆம்பிளைகளின் இரத்தத்தை எப்போது பார்க்கிறோம்? பெரும்பாலும் வெளிநாட்டுக்காரன் கேட்டால்தான். வளைகுடா மெடிக்கலில் எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ், காசம் எல்லாம் பார்க்கிறார்கள். அது அவர்கள் தங்கள் நாட்டைக் காக்கச் செய்வது. மூன்று நான்கு வருடம் கழித்துத் திரும்பி வருகிறவனை வீட்டு வாசலில் நிறுத்தி யாரும் இரத்தம் கேட்பதில்லை. வவுனியா ஆஸ்பத்திரியில் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது. காசு இல்லை, துண்டு தேவையில்லை. மருந்துக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை, கிளினிக் அட்டையில் இருப்பது பெயர் அல்ல, இலக்கம். ஆபத்தான உறவு நடந்துவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள் போனால் எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் குளிசை தொடங்கலாம், ஒரு மாதம் விழுங்க வேண்டும்.

கர்ப்பிணி மனைவியின் இரத்தத்தில் சிபிலிஸ் என்று வந்தால் புருஷனையும் கூட்டிவரச் சொல்வார்கள். "எனக்கு ஒண்டுமில்லை, நான் ஏன்?" என்று நழுவப் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். சிபிலிஸ் புண் நோகாது, தானாக ஆறியும்விடும், அதனால்தான் ஒன்றுமில்லை என்று தோன்றும். தாய்க்கு நேரத்தோடு பென்சிலின் போட்டால்தான் பிள்ளை தப்பும், புருஷனுக்கும் போடாவிட்டால் அவளுக்குத் திரும்பத் தொற்றலாம். ஆரம்பக் கட்டம் என்றால் ஒரே தடவை போதும், இரண்டு பக்கப் பிட்டத்திலும் ஒவ்வொரு ஊசி. மருந்து கட்டியானது, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், நல்லாய் நோகும். வெட்டுகிற நோவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.