மாடு வாங்குங்கால் அச்சவாரமும் பணக் கொடுப்பனவும்

மாடு வாங்குதல் ஒரே நாளில் முடியும் காரியமன்று. விலை பேசும் நாள் ஒன்று. பணம் சேரும் நாள் வேறொன்று. மாடு கொட்டிலுக்கு வந்து சேரும் நாள் இன்னுமொன்று. இம்மூன்று நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் பெரும்பாலான பிணக்குகள் பிறக்கின்றன. வெங்காயமோ மிளகாயோ வாங்குங்கால் சரக்குக் கெட்டுவிட்டால் ஒரு சாக்கு நட்டமாகும், அவ்வளவே. மாடோ உயிருள்ள பொருள். இன்று மாலை நின்று அசைபோடும் பசு, நாளைக் காலை கால் நீட்டிக் கிடத்தலுங்கூடும். எனவே, அச்சவாரம் கொடுக்கும் கமக்காரர் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. இன்றிரவு இம்மாடு இறந்தால், இறந்தது யாருடைய மாடு?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு உதவுவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

மாட்டின் தேவை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உழவு இக்காலத்தில் பெரும்பாலும் உழவு இயந்திரத்தாலேயே நடைபெறுகின்றது. ஆயினும், மாட்டின் தேவை குறைந்துவிடவில்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்கும், தென்மராட்சி, வடமராட்சிப் பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களுக்கும் மாட்டெரு இன்றியமையாதது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, கொட்டிலில் மாடு கட்டியிருந்தவரின் நிலை எவ்வாறிருந்தது, கட்டாதவரின் நிலை எவ்வாறிருந்தது என்பதை நாம் யாவரும் கண்டோம். பாலும் எருவும் தரும் ஒரு கறவைப் பசு தோட்டக்காரருக்குப் பெருந்துணை. ஆனால், அதன் விலையோ பலருக்கு ஒரு போகத்தின் வருமானம் முழுவதுமாகும். அத்துணைப் பெரிய தொகையை வாய்ச்சொல்லை மட்டும் நம்பிக் கொடுத்தல் தகாது.

பழைய குதிரை வாணிபம் கற்பிப்பது

உயிருள்ள பொருளை விலைக்கு வாங்குவதில் நட்டம் யாரைச் சாரும் என்ற வினா நம் நாட்டுக்குப் புதியதன்று. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனது (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஊராத்துறை எனப்பட்ட ஊர்காவற்றுறைக்கு வரும் வணிகரைக் குறித்த ஆணை அது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன என்றும், வேறு சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு உரியது என்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது. விலங்குகளைக் கொண்டுவரும் வணிகருக்கு அரசன் கூடுதலான சலுகை அளித்தமை இதனாற் புலனாகும். நட்டம் நேருமுன்னரே, நேர்ந்தால் யாருக்கு எவ்வளவு என்பதைக் கல்லிற் பொறித்து வைத்தனர் என்பதே நாம் நோக்கத் தக்கது.

கடலுக்கு அப்பால் பாண்டி நாட்டில் நிகழ்ந்தது இதனினும் படிப்பினையுடையது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய மன்னர் பாரசீகக் குடாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைத் தருவித்தனர். ஒரு குதிரைக்கு 220 பொற்றினார் என விலை முடிவு செய்யப்பட்டிருந்தது என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் அரசனே விலை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியுள்ளார். கரையிறங்கிய குதிரைகளும் நெடுநாள் வாழவில்லை. அவற்றைப் பேணும் முறை அறிந்தோர் அங்கு இல்லாமையாற் பல குதிரைகள் மடிந்தன என்பது வெனிசு நகரத்து மார்க்கோ போலோவின் கூற்று. கண்ணாற் காணாத குதிரைக்கும், கடலில் மாண்ட குதிரைக்கும் பணம் கொடுக்கப் பேரரசன் ஒருவனுக்கு இயலும். ஒரு போகத்து வெங்காயக் காசை மடியில் முடிந்து வைத்திருக்கும் கமக்காரருக்கு அது இயலாது.

குதிரை இன்று நம் விலை பேசும் பொருளன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத் தொடர்புடையனவாகக் கூறப்படும் நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளே எஞ்சியுள்ளன. ஆனால், குதிரைக்கு அன்று பொருந்திய நியாயம் மாட்டுக்கு இன்றும் பொருந்தும்.

ஒரு நிகழ்ச்சி

எனது சேவைக்காலத்தில் நேரில் அறிந்த நிகழ்ச்சி ஒன்றை இங்கு கூறுதல் பொருந்தும். மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் அயற்கிராமத்தில் சினைப்பசு ஒன்றைக் கண்டு விலை பேசினார். விலையில் மூன்றிலொரு பங்கை அங்கேயே கொடுத்தார். “கத்தரிக்காய் விற்றவுடன் மீதியைத் தந்து மாட்டை அவிழ்த்துச் செல்கிறேன்” என்றார், விற்றவரும் சம்மதித்தார். சீட்டு எழுதப்படவில்லை. இருவரும் தூரத்து உறவினர். உறவினரிடம் சீட்டுக் கேட்டல் மரியாதைக் குறைவென்று அவர் எண்ணினார்.

எட்டாம் நாள் பசு வயிறூதி இறந்தது. “என் கையில் வராத மாட்டுக்கு நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? கொடுத்த காசைத் திருப்பித் தாரும்” என்றார் வாங்கியவர். “விலை முடிந்த அன்றே அது உமது மாடு, எட்டு நாளும் தீன் போட்டுக் காத்தவன் நான், மீதியைத் தாரும்” என்றார் விற்றவர். இருவரும் பொய்யர் அல்லர். ஊர்ப் பெரியவர்கள் கூடி, கொடுத்த பணத்திற் பாதியைத் திருப்பிக் கொடுக்கும்படி செய்தனர். பணத்தின் வழக்கு அவ்வாறு முடிந்தது. ஆயின், அதன்பின்னர் அவ்விரு குடும்பங்களும் நன்மை தீமைக்கு ஒன்றையொன்று அழைக்கவில்லை. ஒரு தாளில் நாலு வரி எழுதியிருந்தால், பசு இறந்திருப்பினும் உறவு இறந்திராது.

சட்டம் கூறுவது

இலங்கையில் அசையும் பொருள்களின் விற்பனையை 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆளுகின்றது. கால்நடையும் இதனுள் அடங்கும். இச்சட்டத்தில் கமக்காரர் அறிய வேண்டிய நெறிகள் மூன்று.

முதலாவது: வேறு விதமாக உடன்பட்டாலன்றி, நட்டம் உரிமையைத் தொடர்ந்து செல்லும். மாடு யாருடைய கொட்டிலில் நிற்கின்றது என்பதன்று, யாருக்கு உரியது என்பதே பொதுவாக நோக்கப்படும்.

இரண்டாவது: இன்ன மாடு என்று குறித்து, நிபந்தனை எதுவுமின்றி விற்பனை முடிவானால், பணம் கொடுப்பதும் மாட்டை ஒப்படைப்பதும் பின்னர் நிகழ்வதாயினும், பொதுவாக அப்பொழுதே உரிமை மாறிவிடும். மேற்கூறிய நிகழ்ச்சியில் விற்றவரின் வாதம் வெறும் பிடிவாதம் அன்று என்பது இதனால் விளங்கும். ஆனால், “கால்நடை வைத்தியர் பார்த்துச் சினை என்று கூறினாற்றான் விற்பனை” என்றோ, “மாட்டை ஒப்படைக்கும் வரை நட்டம் விற்பவருடையது” என்றோ உடன்பட்டிருந்தால் நிலைமை வேறாகும். அவ்வாறு உடன்படுதற்கு இருவருக்கும் உரிமையுண்டு. ஒப்படைப்பு ஒருவரது தவறினால் தாமதமாகி, அத்தாமதத்தால் நட்டம் நேர்ந்தால், தவறியவரே அதனை ஏற்க வேண்டும்.

மூன்றாவது: பொருளின் தரத்துக்கு விற்பவர் எப்பொழுதும் பிணை நிற்பதாகக் கொள்ளப்படுவதில்லை, சில விதிவிலக்குகள் மட்டுமே உள. எனவே, “நாளொன்றுக்கு இவ்வளவு பால்”, “இத்தனை மாதச் சினை” என்று விற்பவர் கூறும் உறுதிமொழிகளை எழுத்தில் வாங்குதல் வேண்டும்.

அச்சவாரமும் பகுதிப் பணமும்

இவ்விரண்டும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். அச்சவாரம் என்பது பேச்சு உறுதி என்பதற்கு அடையாளமாகக் கொடுப்பது. வாங்குபவர் காரணமின்றிப் பின்வாங்கினால் அதனை இழத்தல் வழக்கம். பகுதிப் பணம் என்பது விலையில் ஒரு பங்கை முற்கூட்டிக் கொடுப்பது. கொடுக்கும்போது எதுவென்று சொல்லாவிடின், பின்னர் ஒருவர் அச்சவாரம் என்பார்; மற்றவர் பகுதிப் பணம் என்பார். ஆதலால், கொடுக்கும் தொகை எது, விற்பனை நிறைவேறினால் அது விலையிற் கழிக்கப்படுமா, விற்பவர் பின்வாங்கினால் என்ன செய்வார், வாங்குபவர் பின்வாங்கினால் என்ன இழப்பார் என்னும் நான்கையும் எழுதுக.

அச்சவாரம் சிறியதாயிருத்தல் நன்று. விற்பவர் மாட்டை வேறொருவருக்குக் கொடாது வைத்திருப்பதற்குப் போதிய தொகையே அச்சவாரம். விலையிற் பத்திலொரு பங்குக்கு மேற் கொடுப்பதாயின், அதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். தரகர் கையில் அச்சவாரத்தைக் கொடுத்தல் ஆகாது. உடையவரின் கையிலேயே கொடுக்க. தரகருக்குரிய கூலியை யார் கொடுப்பது என்பதையும் முன்னரே பேசிக்கொள்க. வங்கிக் கடனை நம்பி வாங்குபவர், கடன் கிடையாவிடின் அச்சவாரம் திரும்ப வேண்டும் என்று எழுதிக்கொள்ளுதல் அவசியம்.

அச்சவாரம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

1. விற்பவர் உண்மையில் உடையவர்தாமா என்று அறிக. 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடுகளுக்குக் குறிசுடுதல், உரிமைப் பதிவு, இடமாற்ற அனுமதி என்பவற்றை ஒழுங்குபடுத்துகின்றது. மாட்டிலுள்ள குறியையும் காதிலுள்ள இலக்கத்தகட்டையும் பதிவுச் சீட்டுடன் ஒப்பிடுக. சீட்டில்லாத மாடு மலிவாகத் தோன்றும். களவு மாடாயின் பணமும் போய், பொலிஸ் நிலையத்துக்கும் நடக்க நேரும்.

2. வயதைப் பல்லைப் பார்த்து மதிக்க. ஏறக்குறைய இரண்டு வயதில் முதற்சோடி நிலைப்பற்கள் தோன்றும். நான்கு வயதளவில் அல்லது அதற்குச் சற்றுப் பின்னர் எட்டும் நிறையும். அதன்பின் தேய்வைக் கொண்டே மதிக்க வேண்டும்.

3. பாலின் அளவை ஒரே கறவையில் நம்பற்க. முந்திய வேளை கறவாது விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுதல் பழைய தந்திரம். மாலை, மறுநாட் காலை, மறுநாள் மாலை என மூன்று கறவைகளைத் தொடர்ந்து நேரிற் பார்க்க. முதற் கறவையைத் தள்ளி, பின்னிரண்டையும் கணக்கிற் கொள்க. நான்கு முலைகளிலும் பால் வருகின்றதா, பாலிற் கட்டியோ இரத்தமோ உண்டா என்றும் நோக்குக.

4. சினை என்று கூறி விற்கப்படும் பசுவை அரச கால்நடை வைத்திய அதிகாரியைக் கொண்டு சோதிப்பிக்க. வயிற்றின் பருமன் சான்றாகாது.

5. மாடு வரும் இடத்தில் தொற்றுநோய் உண்டா என விசாரிக்க. தோலிற் கழலைகளை எழுப்பும் நோய் 2020 ஆம் ஆண்டில் நம் வடபகுதியில் தோன்றியமை நினைவிருக்கலாம். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்கீழ் நோய்ப் பிரதேசம் எனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்திலிருந்து மாட்டை விரும்பியவாறு கொண்டுசெல்லல் ஆகாது.

சீட்டு எழுதும் விதம்

பின்வரும் மாதிரியைத் தேவைக்கேற்ப மாற்றி இரண்டு பிரதிகள் எழுதி, இருவரும் ஒவ்வொன்று வைத்துக்கொள்க.

“........ ஊரவராகிய ........ ஆகிய நான், எனக்குச் சொந்தமான ........ நிறமும், ........ குறியும், ........ காதிலக்கமும் உடைய, ........ வயதுள்ள பசுவை, ........ ஊரவராகிய ........ என்பவருக்கு ரூபா ........ விலைக்கு விற்க உடன்பட்டு, இன்று ரூபா ........ அச்சவாரமாகப் பெற்றுக்கொண்டேன். இத்தொகை விலையிற் கழிக்கப்படும். கால்நடை வைத்தியரின் சோதனையில் பசு ........ மாதச் சினையென்றும் நோயற்றதென்றும் காணப்பட்டாலே இவ்விற்பனை செல்லும்; அன்றேல் அச்சவாரத்தை முழுவதும் திருப்பிக் கொடுப்பேன். மீதி ரூபா ........ ஐ ........ ஆந் திகதிக்குமுன் பெற்றுக்கொண்டு பசுவையும் பதிவுச் சீட்டையும் ஒப்படைப்பேன். ஒப்படைக்கும் வரை பசுவின் உரிமையும் நட்டமும் என்னுடையன. தீன் செலவு ........ உடையது. நான் பின்வாங்கினால் அச்சவாரத்துடன் ரூபா ........ சேர்த்துக் கொடுப்பேன். வாங்குபவர் காரணமின்றிப் பின்வாங்கினால் அச்சவாரத்தை இழப்பார்.”

இதன்கீழ்த் திகதியும், இருவர் கையொப்பமும், சாட்சிகள் இருவரின் கையொப்பமும் இடம்பெறுதல் வேண்டும். சினைப்பசுவாயின், குறித்த நாளுக்குமுன் கன்று ஈன்றால் கன்று யாருக்கு உரியது என்பதையும் எழுத மறவற்க.

மீதிப் பணம்

மீதிப் பணமும் மாட்டின் கயிறும் ஒரே வேளையிற் கைமாற வேண்டும். பணம் முந்தினால் வாங்குபவருக்கு இடர். மாடு முந்தினால் விற்பவருக்கு இடர். பெருந்தொகையை மடியில் முடிந்துகொண்டு தூரப் பயணம் செய்வதைவிட வங்கி மூலம் செலுத்துதல் பாதுகாப்பானது. பணம் சென்றமைக்கு அதுவே சான்றுமாகும். காசாகக் கொடுப்பின் சாட்சிகள் முன் எண்ணிக் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுக. பணம் கொடுக்குமுன் மாட்டை மீண்டும் ஒருமுறை பார்க்க. அச்சவாரம் கொடுத்த அன்று கண்ட மாடுதானா, நொண்டுகின்றதா, தீன் தின்னுகின்றதா என்று கவனிக்க.

தவணை முறையிற் கொடுப்பதாயின், ஒவ்வொரு தவணையின் தொகையும் நாளும் சீட்டில் இருத்தல் வேண்டும். கொட்டிலுக்கு வந்த மாட்டின் உரிமைப் பதிவைத் தாமதமின்றி மாற்றுவிக்க. கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை கால்நடைகளுக்கும் காப்புறுதி வழங்குகின்றது. அதனை வாங்கிய கிழமையிலேயே விசாரித்தறிதல் நன்று. புதிய மாட்டைச் சில கிழமைகள் மற்ற மாடுகளிலிருந்து பிரித்துக் கட்டுக.

பிணக்கு நேரின்

எவ்வளவு கவனமாயிருந்தும் பிணக்கு நேர்ந்தால், முதலிற் சீட்டை எடுத்து இருவரும் சேர்ந்து வாசிக்க. பெரும்பாலான சச்சரவுகள் அவ்விடத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிடின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையை நாடலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கலாம். மாடு இறந்திருப்பின், புதைக்குமுன் கால்நடை வைத்தியருக்கு அறிவித்து, இறப்பின் காரணத்தை எழுத்திற் பெறுக; புதைத்தபின் எச்சான்றும் இராது.

சீட்டுக் கேட்டல் நம்பிக்கையின்மைக்கு அடையாளம் என்ற எண்ணத்தை நாம் கைவிடல் வேண்டும். காணி வாங்குங்கால் உறுதி எழுதாத யாழ்ப்பாணத்தவர் எவருமிலர்; அதனால் எவரும் கோபித்துக்கொள்வதுமில்லை. காணி ஓரிரவில் இறந்துபோகும் பொருளன்று. இறந்துபோகக்கூடிய மாட்டுக்கன்றோ எழுத்து மேலும் அவசியம்? அடுத்தமுறை மாடு பார்க்கச் செல்லுங்கால், பணத்துடன் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துச் செல்லுங்கள்.