ஆற்றங்கரை முதல் காற்றாலை வரை

ஈக்வடார் நாட்டின் குயாஸ் ஆற்றுப்படுகையில் வளரும் பால்சா மரம், நட்ட ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். அதற்குள் 20 மீட்டர் உயரத்தைத் தொட்டிருக்கும். ஸ்பானிய மொழியில் 'பால்சா' என்றால் தெப்பம். மரத்தின் பழைய வேலை அதன் பெயரிலேயே இருக்கிறது.

இது நம் இலவ மரத்துக்கு உறவு. காய் வெடித்தால் இலவம்பஞ்சு போலவே பஞ்சு பறக்கும். அதோடு போகும் விதை, ஆறு ஒதுக்கிய மணல்திட்டிலோ பெருமரம் சாய்ந்து வெயில் இறங்கிய இடத்திலோ முளைக்கும். நிழலில் பிழைக்காது. மற்ற செடிகளுக்கு முன்னால் வெளிச்சத்தை எட்டியாக வேண்டும். அதனால் கட்டையை இறுக்கமாக வளர்க்க அதற்கு நேரமில்லை. பெரிய செல்கள், மெல்லிய சுவர்கள், உள்ளே நிறைய நீர். அறுத்துச் சூளையில் உலர்த்தும்போது நீர் வெளியேற, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. ஒரு கன மீட்டர் தேக்கு 600 கிலோவுக்கு மேல் இருக்கும். பால்சா சுமார் 160 கிலோதான். ஆனாலும் தன் எடைக்கு மீறிய உறுதி அதற்கு உண்டு.

1526-இல் ஈக்வடார் கடலுக்கு வந்த ஸ்பானியர்கள், சுமார் இருபது பேரும் வணிகச் சரக்குகளும் ஏறிய பாய்மரத் தெப்பம் ஒன்றை எதிர்கொண்டார்கள். 1947-இல் நார்வேயின் தோர் ஹெயர்தால் ஒன்பது பால்சா மரங்களைக் கயிற்றால் பிணைத்து 'கோன்-டிக்கி' தெப்பத்தைக் கட்டினார். நம் கட்டுமரம் போலத்தான். பெருவிலிருந்து ஆறு பேருடன் கிளம்பிய அது 101 நாட்களில் பசிபிக்கைக் கடந்து, பாலினேசியத் தீவுகளை அடைந்தது. ஈரம் காயாத பச்சை மரத்தில் கட்டியதால், உள்ளிருந்த சாறு கடல்நீரை ஊறவிடாமல் தடுத்தது என்பார் ஹெயர்தால்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட 'மஸ்கிட்டோ' விமானத்தின் உடல், பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு இடையே பால்சாவை வைத்து ஒட்டிச் செய்யப்பட்டது. இன்றைய காற்றாலை இறக்கையிலும் அதே உத்திதான். இரு கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே பால்சா நின்று, எடையைக் கூட்டாமல் இறக்கை மடங்காதபடி காக்கிறது.

அதுவே ஆற்றங்கரைக்கு வினையானது. 2020-ஐ ஒட்டி உலகெங்கும் காற்றாலைகள் பெருகியபோது தோட்டத்து மரம் போதவில்லை. மரம் வெட்டுவோர் அமேசான் படுகையில் ஓடும் பஸ்தாசா ஆற்றின் தீவுத்திட்டுகளுக்குள் புகுந்து காட்டு மரங்களைச் சாய்த்தார்கள். அங்கு வாழும் அச்சுவார் பழங்குடி மக்கள் எதிர்த்து நின்றார்கள்.

ஐந்தாறு ஆண்டில் தோட்டத்தில் வளரும் மரத்துக்காகப் பழங்குடியினரின் ஆற்றை மொட்டையடிக்கத் தேவையே இல்லை. இறக்கை செய்யும் நிறுவனங்கள், மரம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்க வேண்டும். மின்சாரம் தூய்மையானதா என்ற கணக்கை அந்த ஆற்றங்கரையிலிருந்தே தொடங்க வேண்டும்.