கன்றின் நான்காம் இரைப்பை: நோய்களும் வளர்ப்பு முறையும்

அசைபோடும் விலங்குகளின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது என்பது பலரும் அறிந்ததே. ஆயின், பிறந்து சில வாரங்களேயான கன்றிலே செரிமானம் பெரும்பாலும் நான்காம் அறையிலேயே தொடங்குகின்றது என்பது அத்துணை அறியப்படாதது. மனிதனின் இரைப்பையைப் போன்று அமிலத்தையும் நொதியங்களையும் சுரப்பது இவ்வறையே. பிறந்த கன்றின் இரைப்பைக் கொள்ளளவில் அரைப்பங்கிற்கு மேல் இதற்குரியது. வளர்ந்த பசுவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. உருவில் மாடாயினும், உணவு செரிக்கும் முறையில் இளங்கன்று ஓரறை இரைப்பையுடைய விலங்கை ஒத்தது. அதன் இரைப்பை நோய்களை விளங்கிக்கொள்ள இவ்வுண்மையே அடிப்படையாகும்.

கன்று முலையை உறிஞ்சும்போது, உணவுக்குழாயின் முடிவிலுள்ள தவாளிப்பொன்று குழாய்போல மூடிக்கொள்ள, பால் ஏனைய அறைகளிற் பெரிதும் தங்காது நான்காம் அறையை அடைகின்றது. அங்கு கைமோசின் என்னும் நொதியம் சில நிமிடங்களில் அதனை உறையச் செய்கின்றது. பாலாடைக்கட்டி செய்வோர் நெடுங்காலமாகக் கன்றின் இரைப்பையிலிருந்து பெற்றுவந்ததும் இந்நொதியமே. கேசீன் புரதமும் கொழுப்பும் கட்டியாகத் தங்கி மெல்லச் செரிக்கின்றன. இலற்றோசைக் கொண்ட தெளிநீர் விரைவிற் சிறுகுடலுக்குச் செல்கின்றது. பால் இல்லாதபோது இரைப்பையின் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 2 ஆகும். பால் சென்றதும் அது 6 வரை உயர்ந்து, சில மணி நேரத்திற் படிப்படியாகத் தாழ்கின்றது. தாயுடன் வாழும் கன்று நாளிற் பல தடவைகள் சிறிது சிறிதாகக் குடிப்பதால், வெறும் இரைப்பைச் சுவரை அமிலம் நெடுநேரம் தாக்குவதில்லை.

பாற்பண்ணையில் நிலைமை வேறு. அங்கு பால் விற்பனைப் பொருள். கன்று பிறந்ததும் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, நாளுக்கு இரு தடவைகள் பாலோ, மாவைக் கரைத்த மாற்றுப்பாலோ பெறுகின்றது. பெருமளவைப் பசியோடு ஒரே மூச்சிற் குடித்தபின், அடுத்த வேளைவரை அதன் இரைப்பை வெறுமையுறுகின்றது.

இந்நிலையில் தோன்றும் கொடிய கோளாறு இரைப்பை உப்பலாகும். கரைசல் மிகச் செறிவாயின் இரைப்பை வெறுமையாவது தாமதிக்கும். அங்கு தேங்கும் இலற்றோசை குளொஸ்ரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ், சார்சினா வென்ரிகுலி போன்ற பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களுள் இது நேர்கின்றது. கன்று பாலை மறுத்துச் சோர்ந்து, பல்லைக் கடிக்கும். வயிறு பருத்து, அசைக்கும்போது நீர் தளும்பும் ஒலி கேட்கும். உப்பிய இரைப்பை நெஞ்சறையை அழுத்துவதால் மூச்சும் குருதியோட்டமும் தடைப்படுகின்றன. நோய் தொடங்கி ஓரிரு நாளுள், சிலவேளை சில மணி நேரத்துள், இறப்பு நேரலாம். வாய்வழி செலுத்தும் குழாய் முதலாம் அறையையே சென்றடைவதால் நான்காம் அறையின் வாயுவை எளிதில் வெளியேற்ற இயலாது. ஆகவே மருத்துவத்தினும் தடுப்பே முதன்மையானது.

மற்றொன்று இரைப்பைப் புண். பெரும்பாலான கன்றுகள் வெளிக்குறி எதனையும் காட்டா. புண் சுவரைத் துளைத்தாலோ வயிற்றறை அழற்சியால் இறப்பு விரைவில் நேரும். பாலையே பெரிதும் ஊட்டி வளர்க்கப்பட்ட இறைச்சிக் கன்றுகளை ஐரோப்பியக் கொல்களங்களில் ஆராய்ந்தபோது, அவற்றுட் பெரும்பாலானவற்றில் இத்தகைய சிதைவுகள் காணப்பட்டன. இறைச்சி வெண்மையாக இருத்தல் வேண்டும் என்பதற்காக அவற்றிற்கு நாருணவும் இரும்புச்சத்தும் மறுக்கப்பட்டிருந்தன. 1997 இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றிய விதிகள், 8 முதல் 20 வார வயதுக் கன்றிற்கான நாருணவை நாளுக்கு 50 கிராமிலிருந்து 250 கிராம் வரை உயர்த்துமாறு பணித்தன. எட்டு வார வயதைக் கடந்த கன்றுகளைத் தனிக் கூடுகளில் அடைத்து வளர்த்தலும் 2006 இறுதியுடன் முடிவுக்கு வந்தது. எனினும் புண் ஒழியவில்லை. பெருமளவு பாலுடன் முரட்டு நாருணவும் சேர்ந்தபோது, இரைப்பையின் கீழ்வாயிற் சிதைவுகள் மிகுந்தமையைச் சில ஆய்வுகள் காட்டின. முன்னறைகள் விருத்தியடையாத கன்றில் நார் நன்கு செரிக்காது நான்காம் அறையை உராய்வதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது. ஊட்டும் முறையை முழுமையாக மாற்றாது ஒரு கூறினை மட்டும் திருத்துவதன் எல்லையை இஃது உணர்த்துகின்றது.

தடுப்பு முறைகள் அரியனவல்ல. பிறந்த ஆறு மணி நேரத்துள் கடும்புப்பால் ஊட்டல் வேண்டும். பாலைச் சிறு அளவுகளாகப் பிரித்து, குறித்த வேளைகளில், ஒரே வெப்பநிலையில் அளித்தல் வேண்டும். மாற்றுப்பாலை உரிய செறிவிற் கரைத்தலும், பாத்திரங்களைத் தூய்மையாக வைத்தலும், குடிநீரை எந்நேரமும் கிடைக்கச் செய்தலும் இன்றியமையாதன. முலைக்காம்பு பொருத்திய கலனில் உறிஞ்சிக் குடிக்கும் கன்று மெதுவாகக் குடிக்கின்றது.

இவற்றுக்கு விலையுயர்ந்த மருந்து வேண்டியதில்லை. வேண்டியவை உழைப்பும் நேரமும் ஒரு பங்கு பாலுமே. ஆனால் கறக்கும் பால் முழுவதையும் விற்றாலன்றி வாழமுடியாத நிலையிலுள்ளவனுக்கு அந்தப் பங்கே அரிது. எனவே கன்றின் இறப்பை வளர்ப்போனின் அறியாமையாக மட்டும் கொள்ளலாகாது. பாலின் விலையிற் கன்றின் பங்கும் அடங்கியிருத்தல் வேண்டும் என்பதை ஏற்காத பொருளாதார முறையும் அவ்விறப்பிற்குப் பொறுப்பாகும்.