கணினியின் கடிகாரத்தை நம்பலாமா?

"பிந்திக் கிடைத்தது." ஒரு தங்கையின் பெயருக்கு எதிரே நான் சிவப்புப் பேனையால் எழுதிய சொற்கள் இவை.

சென்ற தவணையில் எங்கள் கணினிக் கழகம் ஒரு சிறிய நிரலாக்கப் போட்டியை நடத்தியது. நண்பகல் 12 மணிக்கு முன் கோப்பைச் சேமித்துவிட வேண்டும் என்பது விதி. கோப்புகளைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. தரம் பத்தில் படிக்கும் அந்தத் தங்கையின் கோப்பில் பி.ப. 4.40 என்று நேரம் பதிவாகியிருந்தது. "நான் பதினொரு மணி போலயே முடிச்சிட்டேன் ராத்தா" என்று அவள் கண்கலங்கச் சொன்னாள். "கணினி பொய் சொல்லாது" என்று நான் முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு விடயம் மனதில் உறைத்தது. அன்று பி.ப. 2 மணிக்கே ஆய்வுகூடத்தைப் பூட்டித் திறப்பை ஒப்படைத்தவள் நான்தான். பூட்டிய அறைக்குள் 4.40க்குக் கோப்பைச் சேமித்தது யார்? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கணினிக்குள் ஒரு கடிகாரம்தான் இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் இரண்டு இருக்கின்றன. முதலாவது தாய்ப்பலகையில் உள்ளது. நாணயம் போன்ற ஒரு சிறிய பற்றரியின் உதவியால், கணினியை நிறுத்திய பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். அதிலுள்ள குவார்ட்ஸ் பளிங்கு ஒரு செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். இந்த எண்ணைப் பதினைந்து தடவை இரண்டால் வகுத்தால் சரியாக ஒன்று கிடைக்கும். அதுவே ஒரு செக்கன்.

இரண்டாவது கடிகாரம் பணிசெயல் முறைமையின் மையப் பகுதியான கேர்னலுக்குச் சொந்தமானது. கணினி தொடங்கும்போது முதலாவது கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தெரிந்துகொள்ளும் கேர்னல், அதன்பின் செயலியினுள் இருக்கும் ஓர் எண்ணியின் துணையுடன் தானே நேரத்தைக் கணக்கிடுகிறது. காலையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பிறகு தன் நாடித்துடிப்பை எண்ணியே நேரம் சொல்லும் ஒருவரைப் போன்றது அது. இணையத் தொடர்பு இருந்தால் நேர வழங்கிகளுடன் ஒப்பிட்டு அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

ஆகவே நேரம் பிழைத்தால், பிழை எப்படித் தோன்றுகிறது, எப்படி வளர்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். காய்ச்சல் எந்நேரம் கூடுகிறது என்று வைத்தியர் கேட்பதைப் போல.

மின்னைத் துண்டித்துத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் கணினி ஏதோ பழைய வருடத்தைக் காட்டினால், பற்றரி தீர்ந்திருக்கக்கூடும்.

நாளொன்றுக்குச் சில செக்கன்கள் வீதம் ஒரே சீராக விலகினால், அது பளிங்கின் இயல்பு. பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தாலே, 86,400 செக்கன் கொண்ட ஒரு நாளில் 1.7 செக்கன் விலகிவிடும்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் நிமிடக்கணக்கில் பிந்தினால் அல்லது திடீரெனத் தாவினால், கேர்னல் நம்பியிருக்கும் எண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். பழைய செயலிகள் சிலவற்றில், மின்னைச் சேமிப்பதற்காக வேகம் குறையும்போது எண்ணியின் வேகமும் குறைந்தது. இதனால் லினக்ஸ் கேர்னலில் ஒரு காவலாளி நிரல் உண்டு. அது எண்ணியை வேறொரு கடிகாரத்துடன் அடிக்கடி ஒப்பிடும். வித்தியாசம் எல்லை மீறினால், 'இது நிலையற்றது' என்று கேர்னலின் குறிப்பேட்டில் எழுதிவிட்டு மற்றக் கடிகாரத்துக்கு மாறிவிடும். அந்தக் குறிப்பேட்டை வாசித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

வித்தியாசம் கூடாமல் குறையாமல், மணிக்கணக்கில் அப்படியே நின்றால்? அப்போது எண்ணியதில் பிழையில்லை. வாசித்ததில்தான் பிழை.

அந்தத் தங்கையின் கோப்பு இந்த வகையைச் சேர்ந்தது. 4.40இலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்தால் மு.ப. 11.10. சர்வதேச நேரத்துக்கும் இலங்கை நேரத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதே ஐந்தரை மணித்தியாலம்! அந்தக் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருந்தன. தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைப்பது விண்டோஸின் வழக்கம். அங்கு இருப்பது சர்வதேச நேரம் என்று எடுத்துக்கொள்வது லினக்ஸின் வழக்கம். ஆகவே 11.10ஐச் சர்வதேச நேரம் என்று எண்ணிய லினக்ஸ், அதனுடன் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டியிருக்கிறது. அன்று இணையத் தொடர்பும் இல்லாததால் பிழை திருந்தவில்லை. மறுநாள் டீச்சரின் முன்னிலையில் இரண்டு முறைமைகளையும் மாறி மாறி இயக்கிப் பார்த்தேன். இரண்டு தடவையும் அதே ஐந்தரை மணித்தியாலம்.

இதெல்லாம் சின்ன விடயம் என்று தோன்றலாம். 1991 பெப்ரவரி 25ஆம் திகதி சவூதி அரேபியாவின் தஹ்ரானில், அமெரிக்கப் படையினரின் 'பேட்ரியட்' ஏவுகணைத் தடுப்பு முறைமை, வந்துகொண்டிருந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 படையினர் உயிரிழந்தனர். அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு செக்கனாக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முடிவின்றி எழுத வேண்டியிருப்பதால், 24 பிட்டுகளுடன் அது வெட்டப்பட்டிருந்தது. ஏறத்தாழ 100 மணித்தியாலம் ஓய்வின்றி ஓடியதில் அந்தத் துளிப் பிழை 0.34 செக்கனாக வளர்ந்திருந்தது. திருத்திய மென்பொருள் அங்கு வந்து சேர்ந்தது மறுநாள்தான்.

என் பிழையைத் திருத்த எனக்கு நேரம் கிடைத்தது. கழகக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். சிவப்பு எழுத்தை வெட்டிவிட்டு, "மு.ப. 11.10" என்று எழுதினேன். அவளுடைய நிரலுக்கு இரண்டாமிடம் கிடைத்தது.

இப்போதெல்லாம் கணினி காட்டும் நேரத்தைக் குறிப்பதற்கு முன் சுவர்க் கடிகாரத்தையும் ஒருமுறை பார்க்கிறேன். அதற்கும் முன்னதாக, எதிரே நிற்பவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கிறேன்.