வீட்டு வைஃபை அடிக்கடி அறுந்து போகிறதா?

கும்மிடிப்பூண்டி வட்டாரக் கிராமங்களில் உழவர் வீடுகளுக்கும் கண்ணாடி இழை வழியாக இணைய இணைப்பு வந்துவிட்டது. சிட்டா எடுக்கவும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதியவும், நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு செய்யவும், 2018-இல் தொடங்கப்பட்ட உழவன் செயலியில் மானிய விவரம் பார்க்கவும் இது பயன்படுகிறது. ஆனால் கடைசித் தேதியன்று பதிவு முடியும் தறுவாயில் இணைப்பு அறுந்தால், உழவருக்கு நேரும் இழப்பு சிறிதல்ல.

இணைப்பு நின்றதும் ரவுட்டர் பெட்டியைக் குறை கூறிப் புதிது வாங்குவோர் உண்டு. நெற்பயிர் மஞ்சளானதும் காரணம் அறியாமல் யூரியா இடுவது போன்றதே இது. தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, நீர் தேங்கியதா என்று பார்ப்பது போல, கோளாறு இழையிலா, மின்சாரத்திலா, காற்றிலா என்று முதலில் அறிதல் வேண்டும்.

அதற்கு, இணைப்பு அறுந்த அந்த நேரத்திலேயே பெட்டியின் விளக்குகளைக் கவனிக்க வேண்டும். 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழையை அணிலோ எலியோ கடித்திருக்கலாம். சன்னல் இடுக்கில் நசுங்கியிருக்கலாம். மிஞ்சிய இழையைக் கயிறு போல் இறுக்கிச் சுருட்டி ஆணியில் மாட்டுவதும் தவறு. கூர்மையாக மடங்கும் இடத்தில் ஒளி கசிந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வளையமாக விடுவது நலம். இழை நுனியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தீங்கு செய்யலாம். இதை இணைப்பு தந்தவர்களே வந்து சரிசெய்ய வேண்டும்.

எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து மீண்டும் எரிந்தால் கோளாறு மின்சாரத்தில். பம்புசெட் மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதே மின்மாற்றியில் உள்ள வீடுகளில் மின்னழுத்தம் ஒரு கணம் தாழும். நல்ல அடாப்டர் இதைத் தாங்கும், நாள்பட்டது தாங்காது. பெட்டி மறுபடி கிளம்பச் சில நிமிடங்கள் ஆகும். மோட்டார் போடும் நேரத்தையும் இணைப்பு அறும் நேரத்தையும் நான்கு நாள் ஒரு தாளில் குறித்து வந்தால் உண்மை விளங்கிவிடும். புது அடாப்டர் பழையதன் அதே வோல்ட் அளவிலும், ஆம்பியர் குறையாமலும் இருக்க வேண்டும். ரவுட்டருக்கென்றே விற்கும் சிறு பேட்டரிப் பெட்டியை இணைத்தால் மின்தடையையும் சமாளிக்கலாம்.

விளக்குகள் சரியாக எரிந்து, பெட்டியருகே நன்றாக வேலை செய்து, திண்ணையில் மட்டும் அறுந்தால் கோளாறு காற்றில்தான். இரும்பு பீரோ அலைகளைத் தடுக்கும். ஈரம் காயாத நெல் மூட்டை அடுக்கும், தண்ணீர்த் தொட்டியும் அவற்றை உறிஞ்சும். எனவே பெட்டியை வீட்டின் நடுவில், ஆளுயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைக்க வேண்டும்.

பெரும்பாலான பெட்டிகளில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகள் உண்டு. முன்னது தூரம் செல்லும். பின்னது வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் தளரும். முன்னதை இந்தியாவில் 2005 முதல் உரிமம் இன்றி யாரும் பயன்படுத்தலாம் என்பதால், அது ஊர்ப் பொதுக் கால்வாய் மாதிரி. மடை திறப்பவர் மிகுந்தால் கடைமடைக்கு நீர் வராது. சிப்காட் ஊழியர்களுக்கு வாடகைக்கு விட்ட வரிசை வீடுகளின் அருகில் இரவில் இணைப்பு திணறினால் இந்த நெரிசலைச் சந்தேகிக்கலாம். பெட்டியின் அமைப்பில் சேனலை 1, 6, 11 என ஒவ்வொன்றாக மாற்றி இரண்டிரண்டு நாள் பார்த்து, நல்லதை வைத்துக்கொள்ளலாம்.

பதிவுக்குக் கடைசி நாளில் இத்தனையும் செய்ய நேரமிராது. அன்று கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் கார்டின் இணையத்தில் பதிவை முடிக்கலாம். அணைக்காவிட்டால் பல கைப்பேசிகள் தளர்ந்த வைஃபையையே பற்றிக்கொண்டிருக்கும்.